கடைமடைக்கு வந்த அஞ்சல்

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் வயலுக்கும் தண்ணீர் வந்துவிட்டதாகுமா? தஞ்சைத் தரணியில் பிறந்த எவரும் ‘ஆகாது’ என்றே விடை சொல்வர். மேட்டூர் அணை திறந்த செய்தி வந்த பிறகும், நீர் கல்லணையைக் கடந்து, வெண்ணாற்றிலும் அதன் கிளைகளிலும் ஓடி, கீழ்வேளூர் போன்ற கடைமடைப் பகுதிகளின் வாய்க்கால்களை எட்டப் பல நாட்கள் ஆகும். எட்டிய பிறகும் அது தானாக வயலில் ஏறிவிடுவதில்லை. ஒருவர் மண்வெட்டியுடன் சென்று மடையைத் திறக்க வேண்டும்.

மின்னஞ்சலும் இப்படித்தான். கடல் கடந்து சில நொடிகளில் வந்து சேரும் கடிதம் நேரே நம் வீட்டுக் கணிப்பொறிக்கு வருவதில்லை. எங்கோ உள்ள ஒரு பெரிய கணிப்பொறியின் வட்டில் வந்து காத்துக் கிடக்கிறது. அங்கிருந்து அதை நம் கணிப்பொறிக்குக் கொண்டுவருவது யார்? இந்தச் சிறு வேலைக்கென எழுதப்பட்ட ஒரு நிரலின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம். அதன் பெயர் ஃபெட்ச்மெயில். ‘அஞ்சலை எடுத்து வா’ என்று பொருள். படங்களோ பொத்தான்களோ இல்லாமல், கட்டளை வரியில் பெயரைத் தட்டினால் வேலை செய்யும் யூனிக்ஸ் நிரல் அது. நிரல் சிறியதுதான். ஆனால் அதைப் பலர் கூடிச் சோதித்த முறை, உலகில் நிரல்கள் எழுதப்படும் முறையையே மறுசிந்தனை செய்ய வைத்தது.

தள்ளும் அஞ்சல்

யூனிக்ஸ் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் முயற்சியால் தோன்றியது. 1971-இல் ரே டாம்லின்சன் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்குக் கடிதம் அனுப்பிக் காட்டினார். முகவரியில் ஆளின் பெயரையும் இடத்தின் பெயரையும் பிரிக்கும் ‘அட்’ குறியை அவர்தாம் தேர்ந்தெடுத்தார். 1982-இல் ஜான் போஸ்டல் வகுத்த எஸ்.எம்.டி.பி. என்னும் நெறிமுறை, கணிப்பொறிகள் தமக்குள் கடிதங்களைக் கைமாற்றிக்கொள்ளும் பொது முறையாயிற்று.

இந்த நெறிமுறையில் கடிதம் அனுப்புபவரால் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. பெறும் கணிப்பொறி எப்போதும் விழித்திருக்க வேண்டும். அதற்கு நிலையான முகவரியும் வேண்டும். திருவாரூருக்கும் நாகப்பட்டினத்திற்கும் இடையே கீழ்வேளூர் நிலையத்தில் தபால் மூட்டையுடன் ரயில் நிற்கும்போது, மூட்டையை வாங்க ஆள் இல்லையென்றால் என்ன ஆகும்? வண்டி காத்திராது அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

நம் நாட்டில் இந்த வரலாறு 1986-இல் தொடங்குகிறது. மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் ‘எர்நெட்’ என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பை அமைக்க முற்பட்டது. சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், மின்னணுத் துறை ஆகிய எட்டும் அதில் பங்கு கொண்டன. பம்பாய் மையத்தை வழிநடத்திய சீனிவாசன் ரமணி இம்முயற்சியின் முன்னோடிகளுள் ஒருவர். 2014-இல் அவர் பெயர் இணையப் புகழ் மன்றத்தில் இடம்பெற்றது.

தொடக்க நாட்களில் இக்கணிப்பொறிகள் எப்போதும் இணைந்திருக்கவில்லை. தொலைபேசியில் ஒன்றையொன்று கூப்பிட்டு, சேர்ந்திருந்த கடிதங்களை மொத்தமாகக் கைமாற்றிக்கொண்டன. இதற்குப் பயன்பட்டது யூ.யூ.சி.பி. என்ற யூனிக்ஸ் நிரல். 1989-இல் பம்பாய்க்கும் அமெரிக்காவுக்கும் இடையே தனி இணைப்பு ஏற்பட்டது. அதன் வேகம் நொடிக்கு 9,600 பிட்டுகள். நொடிக்கு ஏறத்தாழ 1,200 எழுத்துகள் என்று கொள்ளுங்கள். நாட்டின் அறிவியலாளர் பலரின் கடிதங்கள் அந்தச் சிறு குழாய் வழியேதான் சென்று வந்தன!

பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் சேவையைத் தொடங்கியது. அதில் இரு வகைக் கணக்குகள் இருந்தன. ஆண்டுக்கு 5,000 ரூபாய் வாங்கிய தனிநபர் ‘ஷெல்’ கணக்கில், நம் திரை அந்நிறுவனத்தின் யூனிக்ஸ் கணிப்பொறியை எட்டிப் பார்க்கும் சாளரம் மட்டுமே. கடிதம் அங்கேயே இருக்கும். அதைப் படிக்கும் நேரமெல்லாம் தொலைபேசிக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு 15,000 ரூபாய் வாங்கிய மற்றொரு கணக்கில், நம் கணிப்பொறியே இணையத்தின் உறுப்பாகும். கடிதங்களை வேகமாக இறக்கிக்கொண்டு, தொலைபேசியை வைத்துவிட்டு, பிறகு நிதானமாகப் படிக்கலாம். கீழ்வேளூரிலிருந்து சென்னைக்கு வெளியூர் அழைப்புப் போட்டு இணையத்தைத் தொடவேண்டிய ஒருவருக்கு இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

இழுக்கும் அஞ்சல்

எப்போதும் விழித்திராத கணிப்பொறிகளுக்காகவே ‘பாப்’ என்னும் வேறொரு நெறிமுறை எழுந்தது. 1984-இல் ஜாய்ஸ் ரெய்னால்ட்ஸ் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். இன்றும் வழங்கும் மூன்றாம் வடிவத்தை 1988-இல் மார்ஷல் ரோஸ் வெளியிட்டார். இங்கே கடிதம் தள்ளப்படுவதில்லை; பெறுபவரே வந்து இழுத்துக்கொள்கிறார்.

இந்த உரையாடல் மிக எளியது. நம் நிரல் முதலில் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்கிறது. அஞ்சல் கணிப்பொறி ‘சரி’ என்கிறது. ‘எத்தனைக் கடிதங்கள் உள்ளன?’ என்று நிரல் கேட்கிறது. ‘மூன்று’ என விடை வருகிறது. ‘முதல் கடிதத்தைக் கொடு’ என்றதும் கடிதம் வரிவரியாக வருகிறது. ‘அதை அழித்துவிடு’ என்கிறது நிரல். எல்லாம் முடிந்ததும் ‘போய் வருகிறேன்’ என்று விடைபெறுகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ‘அழித்துவிடு’ என்றதும் கடிதம் உடனே அழிவதில்லை. அதன்மேல் ஓர் அடையாளம் மட்டுமே இடப்படுகிறது. முறைப்படி விடைபெற்ற பிறகுதான் உண்மையில் அழிக்கப்படும். இடையில் தொலைபேசி அறுந்துவிட்டால் எல்லாக் கடிதங்களும் பெட்டியிலேயே இருக்கும். அடுத்த முறை மீண்டும் வரும். ஒரே கடிதம் இரு முறை வந்தால் சிறு தொல்லைதான். ஒரு முறையும் வராமல் தொலைந்துபோனால் ஒரு வேலை உத்தரவோ, ஒரு மருத்துவச் செய்தியோ தொலைந்ததாகலாம். ஆகவே இரண்டில் ஒரு குறை தவிர்க்க முடியாதது என்றால், இழப்பைவிட இரட்டிப்பே மேல் என்று இந்நெறிமுறையை வகுத்தவர்கள் முடிவு செய்தனர்.

ஒருவரின் தேவை

எரிக் ரேமண்ட் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்தவர். 1993-இல் தம் ஊர்ப் பகுதி மக்களுக்கு இலவச இணையச் சேவை தரும் சிறு அமைப்பு ஒன்றை நண்பருடன் சேர்ந்து தொடங்கினார். அவருடைய கடிதங்கள் அந்த அமைப்பின் கணிப்பொறியில் வந்து சேர்ந்தன. அவர் வேலை செய்ததோ வீட்டிலிருந்த கணிப்பொறியில். அது எப்போதும் இணைந்திருக்கவில்லை. அதற்கு நிலையான முகவரியும் இல்லை. தள்ளும் முறை பயன்படாது. இழுக்கும் நிரல் ஒன்று வேண்டும்.

அத்தகைய நிரல்கள் சில அப்போதே இருந்தன. ஆனால் அவற்றில் ஒரு குறை இருந்தது. அதை நம்மூர் உதாரணத்தால் விளக்கலாம். கீழ்வேளூருக்குள்ளேயே ஒருவர் மற்றவருக்குக் கடிதம் எழுதுகிறார். அனுப்புபவர் முகவரியில் ‘வடக்கு வீதி, மளிகைக் கடை’ என்று மட்டும் எழுதுகிறார். ஊருக்குள் அதுவே போதும். அந்தக் கடிதத்தைப் பெறுபவர் சென்னைக்கு எடுத்துச் சென்று, அங்கிருந்து அதே முகவரிக்குப் பதில் எழுதினால்? சென்னை அஞ்சலகம் எந்த ஊர் வடக்கு வீதி என்று தேடும்? இவ்வாறே, அஞ்சல் கணிப்பொறிக்குள் இருந்த நண்பரிடமிருந்து வந்த கடிதத்தில் இடப் பெயர் இராது. அதை வீட்டுக் கணிப்பொறிக்கு இழுத்த பின் பதில் எழுதினால் போய்ச் சேராது. விடுபட்ட இடப் பெயரை நிரலே சேர்த்துவிடலாம். ஆனால் இருந்த நிரல் எதுவும் அதைச் செய்யவில்லை.

புதிதாக எழுதத் தொடங்காமல், இருப்பதைத் திருத்த முனைந்தார் ரேமண்ட். முதலில் சியுங்-ஹாங் ஓ என்பவர் எழுதிய ‘ஃபெட்ச்பாப்’ நிரலைத் திருத்தினார். பிறகு கார்ல் ஹாரிஸ் எழுதிய ‘பாப்கிளையன்ட்’ அதனினும் உறுதியான அடித்தளம் கொண்டது என்று கண்டு, செய்த வேலையை விட்டு அதற்கு மாறினார். ஹாரிஸோ அந்நிரலில் ஆர்வம் குறைந்திருந்தார். அதன் பொறுப்பையே ரேமண்டிடம் ஒப்படைத்துவிட்டார். இது நடந்தது 1996-இல்.

வெள்ளோட்டம்

தேர் திருவிழாவுக்கு முன் வெள்ளோட்டம் விடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கீழ்வேளூருக்கு அண்டையிலுள்ள திருவாரூரின் ஆழித்தேர் உலகப் புகழ் பெற்றது. புதுப்பித்த தேரைச் சுவாமி இல்லாமல் வெறுமனே இழுத்துப் பார்ப்பர். அச்சின் அளவைத் தச்சர் அறிவார். ஆனால் எந்த வீதி முனையில் தேர் திரும்ப மறுக்கிறது என்பதை வடம் பிடிப்பவரும் முட்டுக்கட்டை போடுபவருமே சொல்ல முடியும்.

நிரலுக்கும் வெள்ளோட்டம் உண்டு. அதனைக் கணிப்பொறித் துறையினர் ‘பீட்டா’ சோதனை என்பர். அக்காலத்தில் பெரிய நிறுவனங்கள் நிரலை மூடிய அறைக்குள் எழுதி, மாதக் கணக்கில் சோதித்து, பிழை ஏறக்குறைய இல்லை என்று தோன்றிய பிறகே வெளியிட்டு வந்தன. ஆனால் 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் வேறு வழியில் வளர்ந்தது. மூலநிரல் யாவருக்கும் திறந்திருந்தது. புதிய வடிவங்கள் அடிக்கடி வந்தன. இது எப்படிக் குழப்பத்தில் முடியாமல் வெற்றி பெறுகிறது? இந்தக் கேள்வி ரேமண்டை ஆட்கொண்டது. தம் அஞ்சல் நிரலையே சோதனைக் களமாக்கி விடை காண முடிவு செய்தார்.

நிரலைப் பற்றித் தமக்கு எழுதிய ஒவ்வொருவரையும் வெள்ளோட்டப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். பத்து நாட்களுக்கு ஒரு முறையேனும் புதிய வடிவத்தை வெளியிட்டார். வேலை மும்முரமாக இருந்தபோது நாளுக்கு ஒன்றாகவும் வெளியிட்டார். ஒவ்வொரு முறையும் என்ன மாறியது என்று நட்புடன் எழுதினார். எந்த வழியில் செல்லலாம் என்று கருத்துக் கேட்டார். திருத்தம் அனுப்பியவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

ஆள் கூடினால் குழப்பம்தானே கூடும் என்று நீங்கள் கேட்கலாம். ஃபிரெட் புரூக்ஸ் என்னும் அறிஞர் 1975-இல் இதைத்தான் எழுதினார். தாமதமான நிரல் வேலைக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்பது அவர் கருத்து. சேர்ந்து எழுதுபவர்கள் ஒருவரோடொருவர் ஓயாது கலந்து பேச வேண்டியிருப்பதே காரணம். ஆனால் பிழை தேடுவது வேறு வகை வேலை. நூறு பேர் நூறு கணிப்பொறிகளில் தனித்தனியே தேடலாம். அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டுவதில்லை. நடுவில் இருப்பவரிடம் சொன்னால் போதும். மேலும், மூலநிரல் கையில் இருப்பதால் ‘வேலை செய்யவில்லை’ என்ற புலம்பலுக்குப் பதில், ‘இந்த வரியில் இந்தக் கணக்கு தவறு’ என்ற செய்தியே வருகிறது. பார்க்கும் கண்கள் போதிய அளவு இருந்தால் எந்தப் பிழையும் ஆழமாக ஒளிந்திருக்க முடியாது என்று ரேமண்ட் இதைத் தொகுத்துக் கூறினார்.

நிரலின் போக்கையே மாற்றிய யோசனையும் வெளியிலிருந்துதான் வந்தது. அதுவரை இழுத்த கடிதத்தைப் பயனரின் பெட்டியில் போடும் வேலையையும் நிரலே செய்து வந்தது. ஹாரி ஹாக்ஹைசர் என்ற பயனர் ஒரு சிறு நிரல்துண்டை அனுப்பினார். இழுத்த கடிதத்தை வீட்டுக் கணிப்பொறியிலேயே ஓடும் எஸ்.எம்.டி.பி. நிரலிடம் கொடுத்துவிடும் வழி அது. ரேமண்ட் உடனே பொருளை உணர்ந்தார். பெட்டியில் போடும் வேலையை அந்த நிரல் ஏற்கெனவே செவ்வனே செய்கிறது. பிறகு அதை ஏன் இன்னொரு முறை எழுத வேண்டும்? அரும்பாடுபட்டு எழுதிய பகுதிகளைத் துணிந்து நீக்கினார். நிரல் சிறிதாயிற்று, உறுதியும் ஆயிற்று. உள்ளூர் நிரல் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று சொன்ன பிறகே, தொலைவிலுள்ள மூலக் கடிதத்தை அழிக்கச் சொல்லும். கையொப்பம் வாங்கிய பின்பே பதிவுத் தபாலைக் கணக்கில் கழிப்பது போன்றது இது. வேலை மாறியதால் பெயரும் மாறியது. 1996-இல் அது ‘ஃபெட்ச்மெயில்’ ஆயிற்று.

கேட்டதும் மறுத்ததும்

வடம் பிடித்தவர்கள் கேட்டதையெல்லாம் செய்ய வேண்டுமா? இங்கு மூன்று நிகழ்ச்சிகள் கருதத்தக்கவை.

ஐரோப்பியப் பயனர்கள் சிலர், ஒரு தடவைக்கு இத்தனைக் கடிதங்கள் மட்டும் இழுக்கும்படி வரம்பு வைக்கும் வசதி கேட்டனர். அவர்கள் நாட்டில் தொலைபேசிக் கட்டணம் மிகுதி. ரேமண்டுக்கு அது பிடிக்கவில்லை, நெடுநாள் மறுத்தார். முடிவில், உலகத்துக்காக எழுதுபவர் உலகத்தின் பேச்சைக் கேட்கத்தான் வேண்டும் என்று உணர்ந்து சேர்த்தார். உள்ளூர் அழைப்பின் கட்டணம் பற்றிக் கவலைப்படாத நாட்டிலிருந்து எழுதுபவருக்கு, நிமிடத்தை எண்ணிப் பேசும் நாட்டின் நிலை தானாகத் தோன்றாது அல்லவா?

வேறு சிலர் அமைப்புக் கோப்பிலுள்ள கடவுச்சொல்லை மறையெழுத்தில் வைக்கும்படி கேட்டனர். இதை அவர் மறுத்தார். நிரல் தானாக இயங்க வேண்டுமானால், அந்த மறையெழுத்தைப் பிரிக்கும் வழி நிரலுக்குள்ளேயே இருக்க வேண்டும். கோப்பைப் படிக்க முடிந்த திருடன் அந்த வழியையும் எடுத்துக்கொள்வான். பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடுவது போன்றது அது. பாதுகாப்பு இருப்பதாக ஒரு பொய்யான நிம்மதியை மட்டுமே தரும். அதற்குப் பதில், கோப்பை உரியவர் தவிர வேறெவரும் படிக்க முடியாதபடி வைத்திருந்தால்தான் ஃபெட்ச்மெயில் வேலை செய்யும்.

மூன்றாவது நமக்கு மிக நெருக்கமானது. கடிதத்தை எடுத்து வருபவன் அதன் உள்ளடக்கத்தில் கைவைக்கக் கூடாது என்பது ரேமண்ட் கடைப்பிடித்த விதி. அஞ்சல் முறை பிறந்தபோது ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட்டுகளே போதுமாக இருந்தன. எட்டாவது பிட்டை வீணென்று கருதி வழியில் உதிர்த்துவிட்ட நிரல்கள் பல. இதனால் என்ன கேடு? 1990-களின் பிற்பகுதியில் பல நாடுகளின் தமிழார்வலர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து உருவாக்கிய ‘திஸ்கி’ குறியீட்டில், ஆங்கில எழுத்துகள் 128-க்குக் கீழும், தமிழ் எழுத்துகள் அதற்கு மேலும் வைக்கப்பட்டன. ‘ம’ என்ற எழுத்தின் எண் 193. எட்டாவது பிட்டை உதிர்த்தால் 128 குறைந்து 65 ஆகிவிடும். அதுவோ ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்து! ‘அம்மா’ என்று எழுதியனுப்பினால் பொருளற்ற எழுத்துக் குவியல்தான் போய்ச் சேரும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் பரவிய தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும், ஒருவர் தட்டியதை மற்றவர் பிழை பார்த்தும் மின்னூல்கள் ஆக்கினர். அத்தகைய பணிக்கு, எட்டு பிட்டுகளையும் சிதையாமல் சுமந்து வரும் வழி இன்றியமையாதது.

விளைவுகள்

வெள்ளோட்டப் பட்டியலில் ஏறக்குறைய முந்நூறு பேர் சேர்ந்தனர். பிறகு எண்ணிக்கை குறையத் தொடங்கியது. காரணம் வேடிக்கையானது. நிரல் குறையின்றி ஓடுவதால் அதைப் பற்றிய செய்திகள் இனி வேண்டா என்று பலர் விலகிக்கொண்டனர்! ஒரு வெள்ளோட்டத்துக்கு இதைவிட நல்ல முடிவு ஏது?

1997 மே மாதம் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் நடந்த லினக்ஸ் மாநாட்டில், ‘பேராலயமும் சந்தையும்’ என்னும் தலைப்பில் ரேமண்ட் இவ்வனுபவத்தைக் கட்டுரையாகப் படித்தார். மூடிய அறையில் எழுதுவது பேராலயம் கட்டுவது. எல்லாரும் கூடி எழுதுவது சந்தை. 1998 ஜனவரி 22 அன்று நெட்ஸ்கேப் நிறுவனம் தன் இணைய உலாவியின் மூலநிரலை வெளியிடப் போவதாக அறிவித்தபோது, அம்முடிவுக்கு இக்கட்டுரையும் ஒரு தூண்டுகோலாக இருந்தது. ‘திறந்த மூலம்’ என்ற பெயர் அடுத்த மாதமே வழக்கில் வந்தது.

நிரலும் ஓய்ந்துவிடவில்லை. 2004-இல் அதன் பொறுப்பு மத்தியாஸ் ஆண்ட்ரே முதலியோரிடம் சென்றது. நிரல் பணியில் பெரிதும் துணை நின்றவர் என்று அதன் கையேடு குறிப்பிடும் பெயர் சுனில் ஷெட்யே என்னும் இந்தியப் பெயர். ஹாரிஸிடமிருந்து ரேமண்டுக்கு வந்தது போலவே, ரேமண்டிடமிருந்து அடுத்தவர்க்குச் சென்றது. மூலநிரல் திறந்திருந்ததால், எழுதியவர் விலகியபோதும் நிரல் அநாதையாகவில்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. கண்கள் போதிய அளவு இருந்தால் பிழை ஒளியாது என்பது உண்மையே. ஆனால் நிரல் திறந்திருப்பதாலேயே கண்கள் வந்துவிடுவதில்லை. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் பாதுகாப்பு நிரலில் 2012-இல் வெளிவந்த ஒரு பெரும் பிழை, உலகின் எண்ணற்ற கணிப்பொறிகளில் ஓடியும், 2014 ஏப்ரல் வரை வெளிச்சத்துக்கு வரவில்லை. அதன் மூலநிரலை எவரும் படித்திருக்கலாம். ஆனால் கூர்ந்து படித்தவர் மிகச் சிலரே. ‘ஹார்ட்பிளீட்’ என்று பெயர் பெற்ற அப்பிழை, வடம் திறந்திருந்தால் போதாது, பிடிக்க ஆளும் வேண்டும் என்பதை உணர்த்தியது.

மாணவர்களே, இன்று நம்மில் பலர் கைப்பேசியைத் தொட்டதும் கடிதம் தோன்றிவிடுகிறது. இடையில் யார் இழுக்கிறார், எப்போது அழிக்கிறார், வழியில் ஏதேனும் உதிர்கிறதா என்று நாம் கேட்பதில்லை. ஃபெட்ச்மெயிலின் மூலநிரல் இன்றும் யாவரும் படிக்கக் கிடைக்கிறது. ஒரு பழைய கணிப்பொறியும் லினக்ஸும் கிடைத்தால், அதை நிறுவி, விரிவான செய்திகளைக் காட்டும் கட்டளையுடன் ஓடவிட்டுப் பாருங்கள். முன்னே சொன்ன உரையாடல் வரிவரியாகத் திரையில் ஓடும். அதில் தவறு ஒன்று கண்ணில் பட்டால், எந்த வடிவம், எந்தக் கட்டளை, என்ன விளைவு என்று மூன்றையும் தெளிவாக எழுதியனுப்புங்கள். அந்த முந்நூறு பேரில் பெரும்பாலோர் செய்ததும் அவ்வளவே. கடைமடையில் நிற்பவருக்குத்தான் தண்ணீர் எங்கே தடைப்படுகிறது என்பது முதலில் தெரியும்.